டேஷ்போர்டை அறுக்காதீர்கள்

180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். இன்றைய கார்களில் பொருத்தும் 'டபுள் டின்' தொடுதிரை செட்டுக்கு டேஷ்போர்டில் இவ்வளவு இடம் வேண்டும். இடம் இல்லாத பழைய கார் என்றால் அறுத்து உண்டாக்கிக்கொள்வார்கள். ஆக்சஸரீஸ் கடையில் கைதேர்ந்த ஒருவர் ரம்பத்தை எடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அது வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் டேஷ்போர்டாக இருந்துவிட்டால், அறுத்த துண்டு குப்பைக்குப் போன பிறகு மாற்று வாங்க ஷோரூம் கிடையாது, கம்பெனி கிடையாது, தொழிற்சாலையும் கிடையாது.

தொழிற்சாலை நின்ற நிலம் மட்டும் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் நோக்கி ஜிஎஸ்டி சாலையில் போகும்போது பெருங்களத்தூர் தாண்டுகிற இடத்தில், இன்று ஐடி வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் எழுந்திருக்கும் மண்ணில்தான் ஒரு காலத்தில் கார்கள் தயாராயின. 1948ல் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று வந்து, 1961ல் ஹெரால்டு. பிரிட்டனில் அதற்கு ட்ரையம்ப் ஹெரால்டு என்று பெயர். இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம். பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இன்ஜினுக்குப் பக்கத்திலேயே டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும்.

இந்த வரலாற்றில் சென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு சேதி உண்டு. நான்கு கதவு ஹெரால்டு செடான் உலகில் வேறெங்கும் வரவில்லை. பிரிட்டனில் கடைசிவரை இரண்டு கதவுதான். நான்கு கதவு உருவாக்கியது வண்டலூர். அதையே அடிப்படையாக வைத்து 1970களின் தொடக்கத்தில் கெசல் என்ற காரையும் இங்கேயே வடிவமைத்தார்கள். 1985ல் ரோவர் எஸ்டி1 காரின் உடலை வாங்கி, வான்கார்டு காலத்து 1991 சிசி இன்ஜினை அதற்குள் வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டார்கள், எடுபடவில்லை. 1988ல் உற்பத்தி நின்றது. 2006ல் நிலம் ஏலம் போனது. இத்தனை கதைக்கும் இன்று சாட்சியாக இருப்பது, தென்சென்னைப் புறநகர்களில் சேலையூர், குரோம்பேட்டை, முடிச்சூர் மாதிரியான இடங்களில் வீட்டு முற்றத்திலும் ஷெட்டிலும் எஞ்சியிருக்கக்கூடிய சில கார்கள்தான். ஆகவே அவற்றுக்குள் யார் எதைப் பொருத்துகிறார்கள் என்பது கார் சொந்தக்காரரின் ரசனையோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை.

பழைய கார் பிரியர்களில் ஒரு கட்சியினர், கம்பெனி போட்ட திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்பார்கள். அவர்களின் அக்கறை உண்மையானது, ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே கேட்டால் கார் ஷெட்டை விட்டு வெளியே வராது. சென்னை வெயிலை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2003 மே 31 அன்று இந்த ஊரில் 45 டிகிரி பதிவானது. கத்திரி வெயிலில் தாம்பரம் சானடோரியம் பக்கம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற காரில், ரெக்ஸின் சீட்டில், விசிறிகூட இல்லாமல் எழுபது வயதுக்காரர் எத்தனை நாள் உட்காருவார்? வண்டி வாங்கியபோது முப்பது வயது இளைஞராக இருந்தவருக்கு இப்போது முட்டி வலி, முதுகு வலி. மகனுக்கு வழி பார்க்க போன் வேண்டும், போனுக்கு சார்ஜ் வேண்டும். பேத்தி பின்சீட்டில் பெல்ட் எங்கே என்று கேட்கிறாள். இவர்களுக்கெல்லாம் 'ஒரிஜினல்' என்ற ஒரு வார்த்தையைப் பதிலாகச் சொன்னால், கார் மெல்ல மெல்ல தார்ப்பாய்க்குள் போய்விடும். ஓடாத காரில் பிரேக் சிலிண்டர் இறுகும், ரப்பர் வெடிக்கும், டேங்க்கில் துரு ஏறும், ஒயரை எலி கடிக்கும். அடுத்த கட்டம் புதுப்பேட்டைக் காயலான் கடை.

ஏசியும் வைக்கலாம், புளூடூத்தும் வைக்கலாம், பின்பக்க கேமராவும் வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். எதைப் பொருத்தினாலும், மனம் மாறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு அதைக் கழற்றி, காரைப் பழையபடி நிறுத்த முடிய வேண்டும். அறுத்தல், வெட்டுதல், வெல்டிங் என்று போகிற வேலைக்கு டேஷ்போர்டிலும் கதவிலும் இடம் தரக் கூடாது.

இது யாரோ ஓய்வுநேர ஆர்வலர் கண்டுபிடித்த விதி அல்ல. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966ல் தொடங்கப்பட்டது. அது வகுத்த டூரின் சாசனம் இதைத்தான் சொல்கிறது: காலத்துக்கு ஒவ்வாத மாற்றம் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் அது கண்ணை உறுத்தக் கூடாது, மூலக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது, முடிந்தவரை பழையபடி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய அசல் பாகங்களைக் காரோடு சேர்த்து வைக்க வேண்டும். கோடிகளில் விலைபோகும் கார்களிலேயே இந்த எண்ணம் செயலுக்கு வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் 1970ஆம் ஆண்டின் டிபி6 காரை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்திருந்த அதே பிடிமானங்களில் மின்சாரப் பெட்டியை உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்றால் பெட்டியை இறக்கிவிட்டு, பழைய இன்ஜினை மறுபடி ஏற்றலாம். ஓர் இன்ஜினையே இப்படி மாற்ற முடியும் என்றால், ஒரு பாட்டு செட்டுக்காக டேஷ்போர்டை அறுப்பதற்கு என்ன நியாயம்?

செட் விஷயத்துக்கே வருவோம். கோவென்ட்ரியில் உருவான தொடக்கக்கால ஹெரால்டு செடானின் டேஷ்போர்டு அழுத்திச் செய்த நாரட்டை (ஃபைபர்போர்டு). அதில் ஒரே ஒரு பெரிய ஸ்பீடாமீட்டர்; பெட்ரோல் முள்ளும் அதற்குள்ளேயே அடக்கம். உலோக டேஷ்போர்டு கொண்ட பிரீமியர் பத்மினியில் ஓட்டை போட்டுவிட்டால்கூட நல்ல டிங்கர் ஒருவர் தகடு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். நாரட்டையில் அந்தப் பேச்சே இல்லை. அறுத்த விளிம்பு ஈரம் குடித்து உப்பும், அதிர்வில் பிய்யும். இரண்டு மழைக்காலத்தில் அந்தத் தொடுதிரைக்கும் பிடிமானம் இருக்காது.

அறுக்காமல் செட் வைக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. 2020ல் போர்ஷ நிறுவனம் தன் பழைய 911 கார்களுக்கென்று ஒரு செட் கொண்டுவந்தது. பழைய ரேடியோ இருந்த அதே 'சிங்கிள் டின்' இடத்தில் உட்காரும். பழைய மாதிரியே இரண்டு பக்கமும் குமிழ்கள், நடுவில் மூன்றரை அங்குலத் திரை. போனை இணைத்தால் வரைபடம் வரும், பாட்டு வரும். டேஷ்போர்டில் ஒரு கீறல் கிடையாது. அந்த செட் அளவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்கு முன்னால் சத்தம் போகும் பாதையைப் பிரித்து, சிறிய புளூடூத் போர்டு ஒன்றை உள்ளே வைத்துத் தரும் வேலை ரிச்சி தெருவில் சாலிடரிங் தெரிந்தவருக்குப் பெரிய வித்தை அல்ல. அதே குமிழைத் திருகினால் அதே 'டிக்' சத்தம், அதே மஞ்சள் விளக்கு, ஆனால் வருவது போனில் இருக்கும் பாட்டு. ரேடியோவே இல்லாத காரா? குளோவ் பாக்ஸுக்குள் சிறிய ஆம்ப்ளிஃபயர், பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையின்மேல் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. எதிலும் ரம்பத்துக்கு வேலை இல்லை.

கதவில் ஸ்பீக்கருக்காக வட்டமாக வெட்டுவது டேஷ்போர்டை அறுப்பதைவிட மோசம். கண்ணாடி இறங்கும் வழியில் மழைநீரும் இறங்கும். வெட்டிய இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத ஒயரிங். இங்கேதான் கார் சொந்தக்காரர்கள் கவனமே செலுத்துவதில்லை, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறார்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் பலவற்றுக்கு 'பாசிட்டிவ் எர்த்'. அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்கள் அத்தனையும் இதற்கு நேர் எதிர். இந்த வேறுபாடு தெரியாமல் ஒருவர் புதிய செட்டை எடுத்து, அதன் தகரக் கூட்டை உலோகப் பிடிமானத்தில் முடுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செட்டின் கூடு மைனஸ். பிடிமானம் காரின் உடல், அது பிளஸ். தொட்ட மாத்திரத்தில் ஷார்ட். அதிர்ஷ்டம் இருந்தால் ஃப்யூஸ் போகும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான். எடுத்த ஒயர் ஃப்யூஸ் வழியாக வராததாக இருந்தால் புகைவது ஒயர். ஐம்பது ஆண்டு காய்ந்த இன்சுலேஷன் பற்றிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது.

பாசிட்டிவ் எர்த்தை மாற்றுவது அரை நாள் வேலை. பேட்டரியைத் திருப்பி வைத்து, காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒரு நொடி கரன்ட் கொடுத்து அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும். ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும் மாற்ற வேண்டும். ஒரு பாகம்கூடச் சேதமாகாது. அதே வழியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பழைய காரில் செய்யும் மாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்தது டைனமோ. லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவது சுமார் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் ஏழரை ஆம்பியர் போய்விடும். இக்னிஷன், டெயில் லைட், வைப்பர் என்று கூட்டினால் பதினைந்தை நெருங்கும். மிச்சம் இருப்பது ஏழு. போன் சார்ஜரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதற்குள் அடங்கும். ஏசி அடங்காது, அதன் புளோயரும் கண்டன்சர் விசிறியும் மட்டுமே இருபது ஆம்பியர் கேட்கும். போதாக்குறைக்கு, டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் கொடுக்காது. வண்டலூர் மேம்பாலத்துக்குக் கீழே இருபது நிமிடம் நின்றால் அத்தனை நேரமும் பேட்டரிதான் அழும். அதனால் ஏசி என்று பேச்செடுக்கும் முன் ஆல்டர்நேட்டர் வேண்டும். மாருதி 800 ஆல்டர்நேட்டரை லேத் பட்டறையில் ஒரு பிராக்கெட் செய்து உட்கார வைப்பது நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வேலை. டைனமோ உருவத்திலேயே ஆல்டர்நேட்டர் செய்து பிரிட்டனில் விற்கிறார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. எதைப் போட்டாலும், கழற்றிய டைனமோவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது.

புதிதாகச் சேர்க்கும் எல்லாவற்றுக்கும் பேட்டரியிலிருந்தே தனி ஒயர், தனி ஃப்யூஸ் பெட்டி, தனி ரிலே. பழைய ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் பழக்கத்துக்கு இந்தக் கார்களில் இடமே தரக் கூடாது. தனி ஒயரிங்காக இருந்தால் ஒரு ஸ்பேனரில் இணைப்பைத் துண்டித்து மொத்தத்தையும் உருவி எடுத்துவிடலாம்.

ஏசியைப் பற்றி மட்டும் காருக்குக் கார் பதில் மாறும். 1992க்குப் பிறகு வந்த, இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின் வைத்த அம்பாசடர் என்றால் தாராளமாக வைக்கலாம். 1980களில் பத்மினியிலும் அம்பாசடரிலும் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய ஏசிப் பெட்டி பலருக்கு நினைவிருக்கும். நாலு போல்ட்டில் தொங்கிய அந்தப் பெட்டி இன்றைக்கும் சிறந்த வழி. கண்ணுக்கு அந்தக் காலத்துப் பொருளாகவே தெரியும், கழற்றினால் சுவடு இருக்காது. குழாய் செல்ல ஃபயர்வாலில் புதுத் துளை போடுவதற்கு முன், குளிர்நாட்டு வடிவமைப்பில் ஹீட்டருக்கென்று விட்ட துளைகள் ரப்பர் மூடியோடு சும்மா கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஹெரால்டுக்கு ஏசி வேண்டாம். 948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். கம்ப்ரஸர் ஒன்று மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் தின்னும். பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அந்தக் கார் பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது படும் பாட்டைச் சொந்தக்காரராலேயே தாங்க முடியாது, ரேடியேட்டரும் கொதிக்கும். ஹெரால்டின் உள்வெப்பத்துக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அந்தக் காரில் கியர்பாக்ஸைக் கீழே இறக்காமல் காருக்குள்ளிருந்தே எடுக்கலாம். அதற்காகக் கழற்றும்படியான மூடி ஒன்று இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே இருக்கும். காலப்போக்கில் அந்த மூடி வளைந்து, விளிம்பில் இருந்த பட்டை நைந்துபோய், இன்ஜின் சூடு நேராகக் கால் பக்கம் அடிக்கும். மூடியின் விளிம்புக்குப் புதுப் பட்டை, அடியில் வெப்பத்தடுப்புத் தாள், கார்ப்பெட்டுக்குக் கீழேயும் கூரைத் துணிக்கு மேலேயும் ஒட்டாமல் விரித்த இன்னொரு தாள், பன்னிரண்டு வோல்ட் விசிறி ஒன்று. இதைச் செய்த பிறகு காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ஹெரால்டில் சுகமாகப் போகலாம். உச்சிவெயிலில் அந்தக் காரை எடுக்காமல் இருப்பதும் அதற்குச் செய்யும் மரியாதைதான்.

தென்சென்னைக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது கார்கள் தப்பவில்லை. கணினி வைத்த புதுக் கார்களோடு ஒப்பிட்டால் பழைய காரின் எளிய ஒயரிங் நனைந்தாலும் காய்ந்து மீளும். தண்ணீரை வடித்து, டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் பிரித்துக் காயவைத்து, ஆயில் மாற்றினால் மறுபடி ஓட்டிவிடக்கூடிய வாய்ப்பு அதற்கு அதிகம். அந்த வலிமையை நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆம்ப்ளிஃபயரை சீட்டுக்கு அடியில் வைப்பதும், ஃப்யூஸ் பெட்டியைக் கால் மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொருத்துவதும் இந்த வட்டாரத்தில் தப்பு. சேர்க்கும் எலக்ட்ரானிக்ஸ் அத்தனையும் சீட் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

பவர் ஸ்டீயரிங் ஆசை பலருக்கு இருக்கிறது; பழைய காரை நிறுத்தி எடுக்கும்போது தோள் வலிப்பவர்களுக்கு அது நியாயமான ஆசை. ஆனால் காயலான் கடையிலிருந்து ஒரு சின்னக் காரின் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கை எடுத்து வந்து, ஸ்டீயரிங் தண்டை வெட்டி, தெருவோரப் பட்டறையில் வெல்டிங் வைப்பது விளையாட்டல்ல. அந்த வெல்டிங் ஒருநாள் விட்டுப்போனால் கையில் வெறும் சக்கரம்தான் இருக்கும். அந்தந்தக் காருக்கென்றே செய்த, போல்ட்டில் பொருந்தும் அமைப்பு கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் டயர்க் காற்றையும் கிங்பின் கிரீஸையும் சரியாக வைத்தாலே ஸ்டீயரிங் பாதி இலகுவாகிவிடும்.

துளை போட அனுமதிக்க வேண்டிய ஒரே விஷயம் சீட் பெல்ட். முன்சீட் பெல்ட்டை 1994க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் இந்தியச் சட்டம் கட்டாயமாக்கியது என்பதால், அதற்கு முந்தைய கார்க்காரர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையில் பக்கத்தில் லாரி போகும்போது அந்தச் சட்டவிலக்கு யார் உயிரையும் காப்பாற்றாது. தரைத் தகட்டுக்குக் கீழே கனமான வலுத்தகடு வைத்து, சேசிஸ் உறுதியாக இருக்கும் இடம் பார்த்து, தெரிந்தவர் கையால் போல்ட் போட வேண்டும். இதில் அசல் தன்மை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஏசியும் பாட்டு செட்டும் அதில் வராது. ஆனால் இருக்கை எண்ணிக்கை ஆர்சியில் உண்டு. அம்பாசடரின் நீள முன்சீட்டை எடுத்துவிட்டு பக்கெட் சீட் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் பத்து ஆண்டுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும்; அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. சேசிஸ், உடல், இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது. டேஷ்போர்டு, சீட், கதவுப் பலகை, ஸ்டீயரிங் சக்கரம் பற்றி அப்படித் தெளிவான பேச்சு இல்லை. காருக்குள் உட்காருகிறவர் கண்ணில் படுவதும் கையில் படுவதும் இவைதான், ஆனால் இவற்றைக் காப்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்று விட்டாகிவிட்டது. ஸ்டாண்டர்டு 2000 நிலைமை இன்னும் மோசம். 1985 முதல் 1988 வரை வந்த அந்தக் கார்களில் மூத்தது 50 வயதை எட்டவே 2035 ஆக வேண்டும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கத் தாம்பரம் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டிய கார்.

என் கார், என் பணம், நான் எதை வேண்டுமானாலும் செய்வேன் என்பவர்களுக்குச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அவர்களுக்குச் சந்தையைக் காட்டலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பழைய ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் ரேடியோக் குமிழுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அலைகிறவர்கள், யாரோ ஒருவர் கழற்றி வீசிய பாகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கழற்றியதைத் துணியில் சுற்றி, எந்தப் பக்கம், எந்தத் திருகாணி என்று சீட்டு எழுதி, ஒரு பெட்டியில் போட்டு வைத்தவரின் காருக்கு, வாங்க வருபவர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோவும், சேர்த்த ஒயரிங்கின் வரைபடம் ஒன்றும் அந்தப் பெட்டியிலேயே இருந்தால், பத்து ஆண்டு கழித்து வேலை செய்யப்போகும் எலக்ட்ரீஷியன் நன்றி சொல்வார்.

மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அணிவகுப்புகளில் பளபளப்புக்கு மதிப்பெண் கொடுப்பதோடு, கழற்றிய பாகங்களின் பெட்டிக்கும் ஒரு மதிப்பெண் வைக்கலாம். ஏசி வைத்த காரைத் தகுதியிழப்பு செய்வதைவிட, அந்த ஏசியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பது பயனுள்ளது. நன்றாகச் செய்தவரை மேடையில் ஏற்றினால் மற்றவர்களுக்கும் வழி தெரியும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கோவையில் 2015 முதல் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. சென்னையில் 2023ல் ஏவிஎம் வளாகத்தில் பழைய வாகனங்களின் அருங்காட்சியகம் திறந்தார்கள். இரண்டும் தனியார் முயற்சி. கார் செய்த வண்டலூர் வட்டாரத்தில், அந்தக் காரைப் பற்றி வழிப்போக்கருக்குச் சொல்ல ஒரு பலகையாவது இருக்க வேண்டாமா? பழைய ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து சில கிலோமீட்டரில், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் முதல் இயங்குகிறது. பயணிகள் காத்திருக்கும் அந்தப் பெரிய கூடத்தில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றையும் கெசல் ஒன்றையும் நிறுத்த இடம் தாராளமாக உண்டு. கண்ணாடி வழியே உள்ளே பார்க்கிற பிள்ளைக்கு அறுபடாத டேஷ்போர்டும், அந்த ஒற்றை ஸ்பீடாமீட்டரும் தெரிய வேண்டும். எந்தெந்தக் கார்களின் உட்புறம் இன்னும் முழுமையாக இருக்கிறது என்ற பட்டியலை இந்த வட்டாரத்து ஆர்வலர்களும் சங்கங்களும் இந்த ஆண்டே எடுக்கத் தொடங்கலாம். பட்டியலோடு போய்க் கேட்டால் சிஎம்டிஏவுக்கும் மறுப்பதற்குக் காரணம் இருக்காது.